கன்னி மூலையில் வெட்டின வாறுகால்

உள்ள வாங்க. மழையில நின்னுக்கிட்டு விசாரிக்கிற விசயமா இது? செருப்பை அந்த மேல்படியில வைங்க, நனையாது. இந்த நாற்காலியில உக்காருங்க. தலை துவட்டத் துண்டு தரவா?

நீங்க வாயைத் திறக்குறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. முன்னப்பின்ன பாக்காத ஒரு பொம்பளை தெருவுல வந்து நின்னு, பக்கத்து வீட்டை ஒரு பார்வை, எங்க வீட்டை ஒரு பார்வை பாத்தா அது யாரு? பொண்ணு விசாரிக்க வந்தவங்கதான். மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்? பெரியம்மாவா? அருப்புக்கோட்டையில பெரிய வீடா? சரி சரி. தனுஷ்கோடி மக சுபாஷினியைப் பத்தித்தானே கேக்கணும்? கேளுங்க. நல்ல ஆளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. இந்தச் செல்லையா நகர்ல அந்தக் குடும்பத்தைப் பத்தி என்னை விடத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் கிடையாது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிப்புடுறேன். எனக்கு அவளைப் பிடிக்காது. அவகூட முகம் குடுத்துப் பேசி ஒரு வருசம் ஆகப் போகுது. அதுக்காக இல்லாததைச் சொல்ற ஆளு நான் இல்ல. கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேட்டுட்டு நீங்க என்னமும் பண்ணிக்கங்க.

எங்க வீடு தெற்குப் பார்த்த வீடு. முன்னாடி தெரு, தெருவோரம் வாறுகால். ஊரு மழைத்தண்ணி எல்லாம் அதுலதான் ஓடும். தெற்குப் பார்த்த வீடுன்னா சும்மா இல்லைங்க, ரொம்பப் பாத்துப் பாத்துக் கட்டணும். நான் திருமங்கலத்துல இருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டியாந்து, கயிறு பிடிச்சு அளந்து, அவரு சொன்னது சொன்னபடி கட்டினேன். அவரு என்ன சொன்னாரு? முத்தத்துத் தண்ணி ஈசானிய மூலைக்குத்தான் ஓடணும், அதாவது வடகிழக்கு மூலைக்கு. அது பின்னாடி, தனுஷ்கோடி வீட்டுச் சுவரோரம் இருக்கு. கன்னி மூலை, அதான் இந்த முன்பக்கத்துத் தென்மேற்கு மூலை, அது மேடா இருக்கணும். அங்க ஒரு சின்னப் பள்ளம்கூட விழக் கூடாது. விழுந்தா குடும்பத் தலைவருக்கு ஆகாது.

நீங்க இதெல்லாம் நம்புவீங்களா? நம்புங்க, நம்பாமப் போங்க, நான் கண்ணால பாத்தவ. எங்க அண்ணன் வீட்டுல கன்னி மூலையில தண்ணித் தொட்டி தோண்டினாங்க. அந்த வருசமே அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான், எந்திரிக்கவே இல்ல. கட்டுக் கட்டா பீடி குடிப்பாரு, அது வேற விசயம். ஆனா தொட்டி தோண்டுற வரைக்கும் பீடி அவரை ஒண்ணும் செய்யலயே! அண்ணியை அந்தக் கோலத்துல பாத்துட்டு வந்தவளுக்கு எப்படி இருக்கும்? அன்னைக்குப் பிடிச்ச பயம். இன்னைக்கும் அவுக ஒரு தும்மல் தும்மினாலே நான் எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன்.

அவுகன்னா எங்க வீட்டுக்காரர். உள்ள படுத்திருக்காக. போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவுக.

அதனால நான் என்ன செஞ்சேன், லாரியில கிராவல் கொண்டாந்து முன்பக்கத்தை நல்லா மேடாக்கி, பின்னாடி ஈசானியத்துக்குச் சரிவா வாட்டம் குடுத்து, வீட்டைச் சுத்திக் கைப்பிடி மண்ணு தெரியாம சிமெண்ட் போட்டுட்டேன். மண்ணு கிடந்தா பூச்சி வரும், பாம்பு வரும். மாடித் தண்ணிக் குழாயையும் ஈசானியத்துலதான் இறக்கினேன். அவுகதான் அப்பவே, "ஏம்மா, வாறுகால் முன்னாடி இருக்கு, தண்ணியப் பின்னாடி விரட்டினா அது அங்கன போயி என்னத்தச் செய்யும்?"னாக. "உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க"ன்னேன். சும்மா இருந்துட்டாக.

தண்ணி ஒண்ணும் செய்யல. பக்கத்து மனை அப்ப காலி மனை. நடுச் சுவருல ஒரு ஓட்டை விட்டிருந்தேன். தண்ணி அது வழியா அங்கிட்டுப் போயிரும். பெறகுதான் தனுஷ்கோடி வந்து அதுல வீடு கட்டினாரு. மில்லுல வேலை பாத்தவரு, வாய் பேச மாட்டாரு. அவரு பொண்டாட்டி கனகவல்லி அதுக்கும் மேல. எங்க வீட்டுத் தண்ணி அவங்க கிணத்தடிக்குப் போகும், வாழைக்குப் பாயும், ஒருநாள் ஒரு பேச்சுப் பேசினது கிடையாது. நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணும் அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அத்தை அத்தைன்னு இங்கனயேதான் கிடக்கும். எனக்குப் பிள்ளையில்லைன்னு உங்களுக்கு யாரும் சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க.

பெறகு அவ படிச்சா. ரத்தம் எடுத்துச் சோதிக்கிற லேப்ல வேலைக்குப் போனா. போனதுல இருந்து வந்துச்சு வினை. எதைப் பாத்தாலும் சோதனை. "அத்தை, எங்க கிணத்துத் தண்ணி வாடை அடிக்குது. உங்க வீட்டுத் தண்ணி சோப்பும் அழுக்குமா வந்து அதுலதான் இறங்குது. அந்த ஓட்டையை அடைச்சுட்டு நீங்க முன்பக்கம் வாறுகாலுக்கு விடுங்களேன்"னா. யாருகிட்ட? என்கிட்ட! முன்பக்கம் விடுறதுன்னா கன்னி மூலையைத்தான் வெட்டணும். கிழக்குப் பக்கம் செப்டிக் டேங்க் இருக்கு, வேற வழியில்ல. முடியாதுன்னுட்டேன். திருப்பிக் கேட்டா. கனகவல்லி வந்து கேட்டா. தனுஷ்கோடியே வந்து வாசல்ல நின்னு கேட்டாரு. எல்லாருக்கும் ஒரே பதில்தான், முடியாது.

என்ன செஞ்சாங்க தெரியுமா? சுவரு இடிஞ்சு விழுகுற மாதிரி இருக்குன்னு புதுசா எடுத்துக் கட்டினாங்க. கட்டும்போது ஓட்டையை அடைச்சுப் பூசிட்டாங்க! ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? கேட்டாங்கதான். நான்தான் முடியாதுன்னு சொல்லிட்டேனே, அது கேட்டதாவா ஆகும்?

போன ஐப்பசி மழை ஞாபகம் இருக்கா உங்களுக்கு? அருப்புக்கோட்டையிலயும் பேஞ்சிருக்கும். இங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. பின்னாடி முழுக்கக் குளமா நின்னுருச்சு. மழை விட்டாலும் தண்ணி போக மாட்டேங்குது. வெயிலடிச்சாலும் போக மாட்டேங்குது. கொசுன்னா கொசு. சிமெண்டு மேல பச்சையா பாசி பிடிச்சு, காலை வச்சா வழுக்குது. அடுப்படிச் சுவருல கீழருந்து ஈரம் ஏறி, பெயிண்டு கொப்புளம் கொப்புளமா உப்பிக்கிச்சு. விரலை வச்சா சுண்ணாம்பு உதிருது. தொட்டித் தண்ணியில ஒரு மாதிரி வாடை. நான் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டேன். "ஈசானியத்துல தண்ணி நிக்கிறது நல்லதும்மா, லட்சுமி கடாட்சம்"னாரு. லட்சுமி எதுக்குக் கொசுவோட வந்தான்னுதான் எனக்குப் புரியல. யாரோ கண்ணு வச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வாறேன். நல்லாக் கேட்டுக்கங்க.

வெள்ளிக்கிழமை. நான் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வாறேன். வந்து பாத்தா எங்க முன் முத்தத்துல அந்தப் பொண்ணு நிக்கிறா. கையில செம்பு. செம்புல என்னன்னு நினைக்கிறீங்க? ஆலத்தி! மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ரத்தச் செவப்பா. அதை எங்க முத்தத்துல ஊத்திட்டு, அது பின்னாடி ஓடுறதைப் பாத்துக்கிட்டே மெல்ல மெல்ல நடக்கிறா. ஆலத்தித் தண்ணிய எங்க ஊத்துவாங்க? திருஷ்டி கழிச்சுட்டு முச்சந்தியில ஊத்துவாங்க. மிதிச்சவனுக்குப் போகட்டும்னு ஊத்துவாங்க. அதை வெள்ளிக்கிழமையும் அதுவுமா அடுத்தவ வீட்டு முத்தத்துல ஊத்துற கைய என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.

கத்துனேன். தெருவே கூடிருச்சு. "அடி பாவி, எங்க குடியைக் கெடுக்கவா வந்த?"ன்னேன். அவ பதறல. "இல்லத்தை. தண்ணி எங்கிட்டு ஓடுதுன்னு பாக்கத்தான் வந்தேன். வெறுந்தண்ணி கண்ணுக்குத் தெரியாது, அதான் கலர் கலந்தேன். சாயப்பொடி போட்டா தரையில கறை பிடிக்கும், இது கழுவினாப் போயிரும். முன்னாடி ஊத்தினது நேரா பின் மூலைக்குப் போயி, சிமெண்டுக்கும் புதுச் சுவருக்கும் நடுவுல இருக்கிற விரிசல் வழியா எங்க கிணத்தடிக்கு வருது. மிச்சம் உங்க அஸ்திவாரத்துல இறங்குது. மாமாகிட்டக் கேட்டுட்டுத்தான் ஊத்தினேன்"கிறா.

மாமாகிட்டக் கேட்டாளாம்! இந்த வீட்டுல எது நடக்கணும்னாலும் என்கிட்டயில்ல கேக்கணும்? அவுக என்னன்னா வாசல்ல நின்னுக்கிட்டு, "ஆமாம்மா, நான்தான் சரின்னேன்"ங்கிறாக. உப்பையும் மிளகாயையும் எடுத்து சுத்தி அவங்க வீட்டு வாசல்லயே போட்டேன். கனகவல்லி அழுதா. தெருவுல அத்தனை பேரும் பாத்தாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க, எதிர் வீட்டு டெய்லர் சாட்சி.

அப்பவும் அவ போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறா. "அத்தை, என்னை வையுங்க, பரவாயில்ல. மாமாவை அந்தப் பாசிப் பக்கம் விடாதீங்க. விழுந்துருவாரு." நல்ல வாயில வர்ற வார்த்தையா இது? விழுந்துருவாருன்னு சொன்னா. அந்த வாரமே விழுந்துட்டாக.

ஆமாங்க. தேங்கின தண்ணிய வாளியில மொண்டு வெளிய ஊத்துறேன்னு போனாக. காலு சறுக்கி, மல்லாக்க. நான் அடுப்படியில இருந்து ஓடியாறேன், அந்த மனுசன் தண்ணிக்குள்ள கிடந்து அசைய முடியாம என்னையப் பாக்குறாக. முட்டி வலிக்காரி நான், தூக்க முடியுமா? கத்துறேன். எங்க அண்ணன் முகம்தான் கண்ணு முன்னாடி வருது. அவதான் சுவரு ஏறிக் குதிச்சா. வேலைக்குக் கிளம்பி நின்னவ, அந்த உடுப்போடயே தண்ணிக்குள்ள உக்காந்துட்டா. தூக்காதீங்க, தூக்காதீங்கன்னு எல்லாரையும் தள்ளிட்டு, பலகை வச்சு, காலை அசையவிடாமக் கட்டி, ஆம்புலன்சு வர வச்சு, ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே போனா. டாக்டர் சொன்னாரு, கண்டபடி தூக்கியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்னு. அதையும் சொல்றேன். நான் மறைக்க மாட்டேன்னு சொன்னேன்ல?

ஆனா விழுந்தது எதனால? ஆலத்தியால. அது வேற, இது வேற.

என்னது? இல்ல, உங்களைச் சொல்லல. உள்ள இருந்து அவுக கூப்பிடுறாக. காபிதாங்க, போடுறேன், போடுறேன்! வந்தவங்களை நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுறல! இந்த மனுசனுக்கு அந்தப் பொண்ணு பேரு காதுல விழுந்தாப் போதும்.

எங்க விட்டேன்? ஆங், ஆஸ்பத்திரி. இடுப்புல பிளேட்டு வச்சாக. நான் கூடவே கிடந்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்து பாக்குறேன், முத்தத்தை வெட்டி வச்சிருக்காங்க! பின் மூலையில இருந்து மேற்குச் சந்து வழியா சிமெண்டைக் கொத்தி எடுத்து, போகப் போக ஆழமா வாறுகால் வெட்டி, கன்னி மூலைச் சுவருல ஓட்டை போட்டு, தெரு வாறுகாலோட சேத்துவிட்டிருக்காங்க. மாடிக் குழாயை அதுல திருப்பியாச்சு. பின்பக்கம் ஒரு பட்டை சிமெண்டைப் பேத்துட்டு ஜல்லி போட்டு நிரப்பியாச்சு, தண்ணி உள்ள இறங்குறதுக்காம். வெட்டினது தனுஷ்கோடியும் ஒரு கொத்தனாரும். நின்னு வாட்டம் பாத்தது அவ. சாவி குடுத்தது யாரு? வேற யாரு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு இவுகதான்!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? புருசன் இடுப்பு ஒடிஞ்சு கிடக்காக, இந்த நேரம் பாத்து கன்னி மூலையில பள்ளம். எமனுக்குப் பாதை வெட்டி வச்ச மாதிரி. முத்தம் காஞ்சு கிடந்துச்சு, ஒரு கொசு இல்ல, அதெல்லாம் எனக்குத் தெரியாமலா? ஆளு இல்லாம முத்தம் காஞ்சு என்னத்துக்கு? கொத்தனாரைக் கூப்பிட்டா ஒருத்தனும் வரல. நானே சிமெண்டைக் குழைச்சு அந்த மூலை வாயை அடைச்சேன். முட்டி வலியோட உக்காந்து அடைச்சேன்.

கார்த்திகையில மறுபடி பிடிச்சுச்சு மழை. வெட்டின வாறுகால்ல வந்த தண்ணி போக வழியில்லாம எதிர்த்துக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துருச்சு. நடை ஏறி, கூடம் ஏறி, அவுக படுத்திருந்த கட்டில் காலு முழுகுது. ஆளால எந்திரிக்க முடியாது. நான் வாளி வச்சு மொண்டு ஊத்துறேன், மொள்ள மொள்ள வருது. அவுக சன்னல் வழியா, "சுபாஷினி! சுபாஷினி!"ன்னு கூப்பிடுறாக. என் பேரைச் சொல்லல, பாத்துக்கங்க. கட்டினவ பக்கத்துல நிக்கிறேன்.

வந்தா. கடப்பாரையோட வந்தா. நான் ஓடிப் போய் அந்த மூலையில நின்னுக்கிட்டேன். "என்னைக் கொன்னுட்டு வெட்டு"ன்னேன். மழை ரெண்டு பேரு மேலயும் ஊத்துது. "தள்ளுங்க அத்தை, உள்ள மாமா கிடக்காரு"ங்கிறா. "வெட்டின பெறகு அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? நீயா வந்து என் தாலியைத் திருப்பித் தருவ?"ன்னேன்.

அவ கடப்பாரையைக் கீழ வச்சா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "அத்தை, இதை நீங்க வெட்டல, மாமாவும் வெட்டல. நான் வெட்டுறேன். என்ன தோஷம் இருந்தாலும் வெட்டினவளைத்தானே சேரும்? என்னையச் சேரட்டும். மாமாவுக்கு ஒண்ணும் வராது"ன்னா.

அப்படியே என்னைய நகட்டி நிறுத்திட்டு நாலு குத்துக் குத்தினா. தண்ணி பிச்சுக்கிட்டுத் தெருவுக்கு ஓடுச்சு. கொஞ்ச நேரத்துல கட்டில் காலு தெரிஞ்சிருச்சு. அவ விளக்குமாறு எடுத்துக் கூடத்துச் சகதியைத் தள்ளிவிட்டுட்டுப் போனா. அன்னையோட சரி, நான் அவகூடப் பேசல. எப்படிப் பேசுறது? என் வீட்டு மூலையை என் கண்ணு முன்னாடி உடைச்சிருக்கா. சொன்னது மொத்தமும் சரியா வேற இருக்கு. அந்த மாதிரி ஆளுகிட்ட என்ன பேச முடியும்?

அங்கன பாருங்க, இப்ப இந்த மழை பெய்யுதே, எங்க முத்தத்துல ஒரு சொட்டு நிக்குதா? நிக்காது. அது அவ வெட்டினதால மட்டும்னு நினைச்சிறாதீங்க. நான் பெறகு வாஸ்துக்காரரைக் கூட்டியாந்து அந்த மூலையில செப்புத் தகடு புதைச்சேன். அதுக்கப்புறம்தான் வீட்டுல எல்லாம் அமைதியா இருக்கு. சுவத்துல ஈரம் இறங்கிருச்சு. அவுகளும் கம்பை ஊணிக்கிட்டு நடக்குறாக.

தோஷம் மட்டும் சும்மா போகலைங்க. அவளைத்தான் பிடிச்சுச்சு. வாய் விட்டுக் கேட்டு வாங்கிக்கிட்டால்ல? போன தையில திண்டுக்கல்லுல இருந்து ஒரு இடம் வந்துச்சு. பேங்கு மாப்பிள்ளை. இங்கனதான், நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலியில மாப்பிள்ளையோட அக்கா வந்து உக்காந்து விசாரிச்சுச்சு. நானும் உங்ககிட்ட சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம் அவங்க வரவே இல்ல. ஆனியில ஒரு இடம், சிவகங்கை. மாப்பிள்ளையோட தாய்மாமா வந்தாரு. அவருகிட்டயும் ஒளிவு மறைவில்லாமச் சொன்னேன். அதுவும் கை நழுவிருச்சு. லட்சணமான பொண்ணு, வேலை பாக்குற பொண்ணு, எதனால அமைய மாட்டேங்குது? தோஷம்தான். அவங்கம்மா கோயில் கோயிலா அலையுறா. எனக்கே பாக்கச் சங்கடமாத்தான் இருக்கு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?

என்ன? அவளா? அவளா உங்களை இங்க அனுப்பினா?

பொறுங்க. திருப்பிச் சொல்லுங்க. நீங்க முதல்ல அவங்க வீட்டுக்குத்தான் போனீங்களா? போயி, பொண்ணைப் பாத்து, பேசி... அவ சொன்னாளா? "பக்கத்து வீட்டு அத்தைக்கு என்னைப் பிடிக்காது. ஆனா அவங்களுக்குப் பொய் சொல்ல வராது. அவங்ககிட்டப் போயி கடைசி வரைக்கும் கேளுங்க. கேட்டதுக்கப்புறமும் நான் வேணும்னு தோணுச்சுன்னா மேக்கொண்டு பேசலாம்"னா? இப்படியேவா சொன்னா?

அப்ப அந்தத் திண்டுக்கல்காரங்க? சிவகங்கைக்காரரு? அவங்களையும் அவதான் அனுப்பினாளா? தெரிஞ்சேவா அனுப்பினா? நான் என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சே?

என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு!

இன்னும் அத்தைன்னுதான் சொல்றாளா? உங்ககிட்டப் பேசும்போது எப்படிச் சொன்னா, பக்கத்து வீட்டம்மான்னாளா, அத்தைன்னாளா? அத்தைன்னுதானா?

சரி. இருங்க.

இல்ல, நான் கேக்குறேன், அந்தத் திண்டுக்கல் பொம்பளைக்குக் காது இல்லையா? ஆலத்தின்னு நான் சொன்னதும் முகத்தைச் சுளிச்சுச்சு. அது ஆலத்திதான்! நான் அதோட நிறுத்தினேனா? அவுக காலை ஆஸ்பத்திரி வரைக்கும் ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டுப் போனான்னும்தானே சொன்னேன்? தோஷம் என்னையச் சேரட்டும்னு மழையில நின்னு சொன்னான்னும்தானே சொன்னேன்? அதெல்லாம் காதுல விழலயா அந்தம்மாவுக்கு? முழுசாச் சொன்னேன்ல, முழுசாக் கேக்க வேணாமா? பாதியைக் காதுலயே வாங்காம எந்திரிச்சுப் போயி, பொண்ணு சூனியக்காரின்னு முடிவு பண்ணிக்கிட்டா அது எவ தப்பு? அந்தச் சிவகங்கைக்காரரு பொண்ணு வாய்க்காரியான்னு என்கிட்டயே கேட்டாரு. ஆமா வாய்க்காரிதான்னேன். வாய் இருக்கணும்யா! வாயில்லாம அவங்கப்பனை மாதிரி இருந்திருந்தா எங்க வீட்டு மனுசன் கட்டிலோட மிதந்திருப்பாரு! இதை அந்தாளு கேக்கல, நான் சொல்லல, அவ்வளவுதானே? ஊரு உலகத்துல பொண்ணு தேடுறாங்களாம் பொண்ணு! ஒரு பேச்சை உக்காந்து கேக்கத் துப்பில்ல, இவங்களுக்கு அவ கேக்குதா?

நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? காபி இன்னும் போடல. எங்க கிளம்பிட்டீங்க? பஸ் ஸ்டாப்புக்கா? ஏங்க, சொல்லிட்டுப் போங்க. உங்களையுந்தான் கேக்குறேன். அருப்புக்கோட்டையில பெரிய வீடுன்னீங்களே, நாளைக்கு அவ வந்து உங்க வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, இது சரியில்ல, இதை மாத்தணும்னு சொன்னா, கேப்பீங்களா? கேக்குற ஆளுகளா நீங்க? இல்ல, என்னைய மாதிரி...

சரி, விடுங்க. எங்க போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

அவங்க வீட்டுக்கா? நிசமாவா?

அப்ப நனையாமப் போங்க. இந்தாங்க, இந்தக் குடையைப் பிடிங்க. பஸ் ஸ்டாப்புக்குன்னா தந்திருக்க மாட்டேன். கம்பி ஒரு பக்கம் மடங்கும், பாத்து விரிங்க. திருப்பிக் குடுக்க நீங்க வர வேணாம். தனுஷ்கோடிகிட்டக் குடுக்காதீங்க, கனகவல்லிகிட்டயும் குடுக்காதீங்க. அவ கையில குடுங்க. அவளையே கொண்டாந்து தரச் சொல்லுங்க. நான் திட்டுறதுக்குத்தான் கூப்பிடுறேன்னு சொல்லுங்க.